கோப்பை கழுவிய தூதுவர்

மாநாட்டுக்கென்று எங்கள் டாவோஸ் மலையூருக்கு வராத பெரிய மனிதர் உலகத்தில் இல்லை. முன்னும் பின்னும் காவலர் நடக்க வந்து, இந்த நாட்டைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறவர்களை நான் வருடந்தோறும் காலைச் சாப்பாட்டு மேசையில் கோப்பி ஊற்றியபடி பார்த்திருக்கிறேன். ஆனால் சுவிற்சர்லாந்துக்காக நரம்பு புடைக்க, தொண்டை கட்டக் கத்தி வாதாடிய ஒரே மனிதர் எங்கள் ஹோட்டலில் கோப்பை கழுவினார். அதே சுவிற்சர்லாந்தை, அதே வாயால், அடுத்த நிமிடமே அச்சில் போடமுடியாத சொற்களால் திட்டியவரும் அவர்தான்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்க்கலாம். எங்களுக்கு அவர் தூதுவர்.

மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் ஹோட்டல் வேலைக்காரருக்கு ஓர் ஓய்வு உண்டு, சம்பளம் இல்லாத ஓய்வு. மற்றவர்கள் அந்த நேரத்தில் அறைக்குப் போய்ப் படுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தூதுவர் படுக்கமாட்டார். சமையலறைப் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மரக்கறி வந்த பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்துகொண்டு அமெரிக்காவுக்கு போன் எடுப்பார். நியூ ஜெர்சியில் அப்போது காலை. அவருடைய தம்பி அங்கே பொருள் அடுக்குகிற ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை, ஞாயிறு லீவு. தூதுவர் போனை ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு கூடையில் வைத்துவிடுவார், ஏனென்றால் கதைக்கும்போது அவருக்கு இரண்டு கையும் வேண்டும். புகைக்க வந்தவர்கள், காற்று வாங்க வந்தவர்கள், என்னைப்போல விடுப்புக் கேட்க, வம்பு கேட்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றிவர நிற்போம்.

“எங்கட கொம்பனி இன்சூரன்ஸ் தருது அண்ணை,” என்று தம்பி தொடங்குவார். “எனக்கு, மனுசிக்கு, பிள்ளையளுக்கு, எல்லாருக்கும்.”

“தந்தா என்ன? வேலை போனா அதுவும் போகும். இஞ்ச வருத்தம், காய்ச்சல் எண்டா அரசாங்கமே வந்து கதவைத் தட்டும்.”

“பென்சனுக்கும் நான் போடுற அளவு கொம்பனி போடுது. ஃபோர் ஓ ஒன் கே.”

“அதென்னடா பஸ் நம்பர் மாதிரி. எங்கட பென்சனுக்கு நம்பர் இல்லை, தூண் இருக்கு. ஒண்டில்லை, மூண்டு தூண். ஒண்டு விழுந்தாலும் வீடு நிக்கும்.”

“உங்கட தூண் ஏறுதோ அண்ணை? என்ர காசு பங்குச் சந்தையில போன வருசம் ஏறின ஏத்தம் தெரியுமோ?”

“தூண் ஏன்ரா ஏறுது? தூண் எண்டா நிக்கவேணும், விசரா. வை போனை.”

போன் அணையும். அணைத்த கை கீழே வருவதற்குள் எங்கள் பக்கம் திரும்பிவிடுவார்.

“கள்ளக் கூட்டம். வருத்தத்துக்குக் கட்டுற இன்சூரன்ஸுக்கு முதலாளி ஒரு சதம் போடுறானோ? நான் தான் கட்டுறன். வருசத்துக்கு வருசம் ஏத்துறாங்கள். மூண்டு தூணாம். ஒரு தூணில கட்டிவைச்சே உரிக்கிறாங்கள், மற்ற ரெண்டும் என்னத்துக்கு?”

எங்கள் போர்த்துக்கீசச் சமையல்காரருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. போன் இருக்கும்போது வருகிற கோபம் வேறு, போன் வைத்த பிறகு வருகிற கோபம் வேறு என்பது மட்டும் அவருக்கு விளங்கியிருந்தது. சிகரெட்டை அணைத்துக்கொண்டு, “இப்ப எந்த நாடு?” என்று என்னிடம் கேட்பார்.

தூதுவர் பொய் சொல்கிறார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். சுவிஸில் மருத்துவக் காப்புறுதியை அவனவன் தன் சம்பளத்தில்தான் கட்டவேண்டும். இலையுதிர்காலத்தில் தபால்பெட்டிக்குள் ஒரு கடிதம் வந்து விழும். அடுத்த வருடம் கட்டணம் இவ்வளவு கூடுகிறது, உங்கள் நம்பிக்கைக்கு நன்றி என்று அதில் இருக்கும். அந்த நன்றியை வாசித்துவிட்டு நான் ஒரு முறை தபால்பெட்டியையே உதைத்திருக்கிறேன். தூதுவர் தபால்பெட்டியை உதைப்பதில்லை. கடிதம் வந்த கிழமை முழுவதும் பெரிய சட்டிகளை எடுத்து வைக்கும் சத்தத்தில் எங்களுக்கு விசயம் தெரிந்துவிடும்.

கட்டணத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. வருடத்தின் முதல் செலவுகளை நானே பார்த்துக்கொள்கிறேன், அதற்குமேல் போனால் மட்டும் காப்புறுதி தரட்டும் என்று எழுதிக்கொடுக்கலாம். அந்தச் சுயசெலவை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு கட்டணம் குறையும். எங்கள் ஆட்கள் அநேகமாக எல்லாரும் ஆக உயர்ந்ததைத்தான் எடுத்திருக்கிறோம். அதாவது மாதாமாதம் காப்புறுதிக்குக் காசு கட்டுகிறோம், காசு போய்விடும் என்று டொக்டரிடம் போகாமல் இருக்கிறோம். உலகத்திலேயே பணக்கார நாடு இது. அதன் சமையலறைகளில் வயிற்றுவலிக்கு இஞ்சி கடித்துக்கொண்டு நிற்கிற மனிதர்களை நான் எண்ணத் தொடங்கினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

ஆனால் விபத்து வேறு. வேலைக்காரனுக்கு விபத்து நடந்தால் அந்தச் செலவு முதலாளி எடுத்து வைத்திருக்கிற விபத்துக் காப்புறுதியில் போகும். இந்த வித்தியாசம் விளங்கிய நாளிலிருந்து தூதுவருக்கு வருத்தம் என்ற சொல்லே பிடிக்காமல் போய்விட்டது. “வருத்தம் வந்தா எங்கட காசு, விழுந்தா அவன்ர காசு. விளங்குதோ பிள்ளை? வாறதை விழுந்து வரப்பண்ண வேணும்,” என்பார்.

ஒரு பனிக்காலத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து தட்டு எடுக்க முடியாது. டொக்டரிடம் போகச் சொன்னோம். போகவில்லை. பின்வாசல் படியில் பனி உறைகிற நாளுக்காகக் காத்திருந்தார். உறைந்தது. சாட்சி வேண்டுமே என்று போர்த்துக்கீசரைப் புகைக்க அழைத்துக்கொண்டு போனார். படியில் கால் வைத்தார், கையை விரித்தார், “ஐயோ” என்று சாவகாசமாகக் குந்தினார். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. போர்த்துக்கீசர் சுவர்ப்பக்கம் திரும்பி லைட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பியபோது தூதுவர் எழும்பிப் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். வேறு வழி இல்லை, இரண்டாம் முறை விழுந்தார். இரண்டாம் முறை பனி அவருடைய சொல்லைக் கேட்கவில்லை. உண்மையாகவே வழுக்கி, மணிக்கட்டு முறிந்தது. முதலாளியின் காப்புறுதி மணிக்கட்டுக்கு ஒரு சதம் விடாமல் கட்டியது. இடுப்பு பழையது, அது விபத்தில் சேராது என்று எழுதிவிட்டார்கள். மாவுக்கட்டுக் கையோடு, வளைந்த இடுப்போடு அந்த ஞாயிறும் வந்து கூடையில் இருந்தார்.

“என்ன அண்ணை, கை முறிஞ்சதாம்?” என்றார் தம்பி.

“ஓம். இஞ்ச கை முறிஞ்சாலும் ராசா மாதிரிப் பாப்பாங்கள்.”

அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. மூன்று தூண் என்று அவர் சொன்னதில் இரண்டாவது, முதலாளியும் நாமும் பாதிப் பாதியாகச் சேர்க்கிற ஓய்வூதிய நிதி. வயது வந்ததும் அதைச் சாகும்வரை மாதாமாதம் வாங்கலாம், அல்லது ஒரேயடியாக மொத்தமாக எடுக்கலாம். எங்கள் சனத்துக்கு மொத்தம் என்றால் கண் மினுங்கும். கடை போடலாம், கார் மாற்றலாம், மகளுக்கு மண்டபம் எடுத்துக் கலியாணம் செய்யலாம். தூதுவருக்கு இது ஆகவே ஆகாது. ஒரு சாமத்திய வீட்டில், பூப்புச் சடங்கில், மணவறையில் பிள்ளை இருக்க, பக்கத்து மேசையில் ஒருவர் தன் பென்சன் காசை எடுத்துக் கடை திறக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தூதுவர் கையில் இருந்த ரோல்ஸ் பலகாரத்தை வைத்துவிட்டு எழும்பிப் போய் மைக்கைப் பிடித்தார். வாழ்த்துச் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

“ஒருக்கா எடுத்தா ஒருக்காத் தான் சாப்பிடலாம்,” என்றார். “மாசம் மாசம் எடுங்கோ. கொஞ்சமா வந்தாலும் சாகுமட்டும் வரும். மொத்தமா எடுக்கிறவன் மொட்டை விசரன். பிள்ளைக்கு எங்கட ஆசீர்வாதம்.”

வீடியோக்காரர் அதை வெட்டவில்லை. அந்தக் குடும்பத்தின் படத்தில் அது இப்போதும் இருக்கிறது.

இப்படியே வருடங்கள் ஓடின. அவருக்கு அறுபத்து மூன்று வயதான குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையின் தொனி மாறியது. தம்பி திருப்பிக் கத்துவதை விட்டுவிட்டார். இன்சூரன்ஸ் கதை இல்லை, சந்தை ஏறின கதை இல்லை. தூதுவர் தூண் என்று தொடங்கினால், “ஓம் அண்ணை, அது நல்லது தான்,” என்றார். தூதுவர் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அமெரிக்கா சரணடைந்துவிட்டது என்று அவருக்கு எண்ணம்.

“அண்ணை, அங்க நெஞ்சு வருத்தம் எண்டா எத்தினை நாளில பாப்பினம்?” என்று ஒரு ஞாயிறு தம்பி கேட்டார்.

“நாளோ? அண்டைக்கே பாப்பினம். ஹெலிகொப்டரில வந்து தூக்குவாங்கள்.”

“காசு?”

“ஆர் கேக்கிறது காசு? சும்மா.”

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. போன் வைத்த பிறகு, “அண்ணை, தம்பியாருக்கு ஏதோ சுகமில்லைப் போல கிடக்கு,” என்றேன். “சும்மா இரு பிள்ளை, அவன் தோத்துப்போனான்,” என்றார். பிறகு வழக்கம்போலச் சுவிற்சர்லாந்தைத் திட்டப் போய்விட்டார்.

அதற்கு மூன்றாம் வாரம், வேலை நாளில், சட்டி உரஞ்சிக்கொண்டிருந்தவருக்கு போன் வந்தது. தம்பி சூரிச் விமான நிலையத்தில் நின்றார்.

என்னிடம்தான் கார் இருந்தது. போகும் வழியெல்லாம் தூதுவர், சொல்லாமல் வந்து இறங்குகிற பழக்கம் அமெரிக்காக்காரனுக்குத்தான் வரும் என்று திட்டிக்கொண்டு வந்தார். தம்பியைக் கண்டதும் திட்டு நின்றது. போனில் கேட்ட குரலுக்கு நான் மனதில் ஒரு கொழுத்த மனிதரை வைத்திருந்தேன். வந்தவர் மெலிந்து, சேர்ட்டுக்குள் தொலைந்துபோயிருந்தார். ஒரு சின்னப் பைதான் சாமான். கார் நிறுத்துமிடம்வரை நடப்பதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார்.

காரில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“முதல்ல கொம்பனி பென்சனுக்குப் போடுறதை நிப்பாட்டினது. பேந்து இன்சூரன்ஸில எங்கட பங்கைக் கூட்டிக் கூட்டிக்கொண்டு போனது. பேந்து களஞ்சியத்தையே மூடிப்போட்டுது. வேலையோட இன்சூரன்ஸும் போச்சு. வெளியில வாங்கிற இன்சூரன்ஸ் வீட்டுக் கடனைவிடக் கூட அண்ணை. நெஞ்சில குழாய் அடைச்சிருக்கு, கெதியாத் திறக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அங்க ஆஸ்பத்திரிக்குப் போனா வீடு போயிடும்.”

“அந்த பஸ் நம்பர் காசு?” என்றார் தூதுவர்.

“அது எப்பவோ முடிஞ்சுது. அதில கை வைக்கக் கூடாது எண்டு தெரியும். கூரை ஒழுகேக்க ஒருக்கா எடுத்தன். மகளின்ர படிப்புக்கு ஒருக்கா. வேலை போனாப் பிறகு மிச்சத்தையும் வழிச்செடுத்தன். வயசுக்கு முதல் எடுத்ததெண்டு தண்டமும் வெட்டினாங்கள். ஏறினது எண்டு உங்களுக்குச் சொன்னதெல்லாம் சும்மா சொன்னது தான்.” அண்ணனின் சீட்டுப் பக்கம் குனிந்தார். “நீங்கள் சொன்னீங்கள் தானே, இஞ்ச காசு கேக்க மாட்டினம் எண்டு. அந்த நம்பிக்கையில தான் டிக்கெட் போட்டனான்.”

நான் பக்கத்துச் சீட்டில் இருந்த தூதுவரைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுங்கள், சுற்றுலா வந்த வெளிநாட்டுக்காரனுக்கு இங்கே ஒரு பஞ்சுகூடச் சும்மா கிடைக்காது என்று சொல்லுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம்,” என்றார். “சும்மா தான்.”

எனக்கு வந்த கோபத்தில் காரை ஓரம் கட்டி அவரை இறக்கிவிட்டிருப்பேன். பின்னால் நோயாளி இருந்தபடியால் விட்டேன்.

ஆற அமர யோசித்து ஏதாவது வழி பார்க்கலாம் என்று நினைத்திருந்தோம். டாவோஸின் உயரம் எங்களுக்கு அவகாசம் தரவில்லை. மூன்றாம் நாள், தூதுவரின் வீட்டுக்கு ஏறுகிற சரிவில் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பனியில் குந்திவிட்டார். அம்புலன்ஸ் வந்தது. மேலே உள்ள ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பள்ளத்தாக்கிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்று ஹெலியை அழைத்தார்கள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகும்போது தம்பி ஒக்சிசன் முகமூடிக்குள்ளிருந்து அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். “சொன்ன மாதிரியே அண்ணை,” என்றார். ஹெலி கிளம்பிய பிறகு தூதுவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பெருமையில் நின்றார் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அதன் பில் எவ்வளவு வரும் என்று அவர் மனதுக்குள் ஓடியது எனக்குத் தெரியும்.

உயிர் போகிற நேரத்தில் இந்த நாட்டு ஆஸ்பத்திரி யாரையும் வாசலில் நிறுத்தி வைக்காது. அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குழாய் திறந்தார்கள். உயிர் தங்கியது. கணக்கு அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் கட்டிலடிக்கே வந்தது.

நானும் தூதுவரும் தம்பியின் பக்கத்தில் நிற்கும்போது கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தார். நல்ல பெண்தான், நோயாளி வெளிநாட்டுக்காரர் என்று கண்டு சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் தொடங்கினார். தூதுவர் பாய்ந்து குறுக்கே நின்றார். “டொய்ச், பிற்ற,” என்றார். தம்பிக்கு டொய்ச், அதாவது ஜேர்மன் மொழி, தெரியாது.

இவருக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று அந்தப் பெண் டொய்ச்சில் கேட்டார்.

“சாப்பாடு பிடிச்சுதோ எண்டு கேக்கிறா,” என்றார் தூதுவர் தம்பியிடம்.

“நல்ல சாப்பாடு எண்டு சொல்லுங்கோ. உப்புத் தான் காணாது.”

“இல்லை, காப்புறுதி இல்லை. முழுச் செலவும் நான் கட்டுகிறேன்,” என்றார் தூதுவர் டொய்ச்சில்.

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று பெண் கேட்டார். கோப்பை கழுவுகிறேன் என்றார். அந்தப் பெண்ணின் பேனை நின்றது.

“என்னவாம்?” என்றார் தம்பி.

“உப்புக் கூடாதாம், நெஞ்சுக்கு.”

பெண் குரலைத் தாழ்த்தி, உத்தேசமாக எவ்வளவு வரும் என்று சொன்னார். ஹெலி தனி என்றும் சொன்னார். தூதுவரின் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதோ தெரியாது.

“என்னண்ணை, முகம் ஒரு மாதிரிப் போகுது?”

“ஒண்டுமில்லை. இந்த நாட்டுச் சனத்தின்ர நல்ல மனசை நினைச்சன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். நடைபாதையில் போய் நின்றதும் அது அழுகையாகிவிட்டது. தூதுவர் வெளியே வந்தபோது எனக்கு மூச்சு முட்டக் கோபம்.

“உங்களுக்கு விசரோ அண்ணை? அவருக்குச் சொன்னால் என்ன?”

“காரில சொல்லியிருந்தா அடுத்த பிளேனில திரும்பிப் போயிருப்பான். போய்ச் செத்திருப்பான்.”

“இப்ப சொல்லலாம் தானே. இப்ப குழாய் திறந்தாச்சு.”

“இப்ப சொன்னா, நான் கட்டுறன் எண்டு நிப்பான். எதை வைச்சுக் கட்டுவான்? வீடு ஒண்டு தான் மிச்சம். அதை வித்துப்போட்டு மனுசியோட றோட்டில நிப்பான். பேசாம இரு பிள்ளை.”

அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்த இரண்டாவது தூண். தம்பியின் நெஞ்சுக்கு என்று சொல்லி அதில் கை வைக்க முடியாது. வேலையை விட்டு, முன்கூட்டியே ஓய்வு பெற்றால் எடுக்கலாம், மொத்தமாக. அப்படி எடுப்பதற்கு மனைவியும் கையெழுத்துப் போடவேண்டும், அதுவும் அதிகாரி முன்னால். இந்த நாட்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு சில வரிகளில் அது ஒன்று. தூதுவரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா விடமாட்டார் என்று நான் நம்பினேன். அக்கா ஹோட்டல் ஹோட்டலாகக் கட்டில் விரித்தவர், முழங்கால் இரண்டும் போனவர். ஓரிடத்திலும் முழு வேலை கொடுக்காமல் துண்டு துண்டாக வைத்திருந்தபடியால் அவருக்கென்று இரண்டாவது தூணே எழும்பவில்லை. ஒவ்வொரு துண்டுச் சம்பளமும் நிதியில் சேர்கிற அளவுக்குச் சிறிது கீழே நின்றது. தற்செயல் என்று முதலாளிமார் சொல்வார்கள். அப்படியொரு தற்செயல் எல்லா ஹோட்டலிலும் நடக்கிறது. ஆகவே இரண்டு பேரின் முதுமைக்கும் இருந்தது தூதுவரின் அந்த ஒரு தூண்தான்.

நகரசபைக் கந்தோரில் அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உங்கள் கணவர் செய்வது என்னவென்று உங்களுக்கு விளங்குகிறதா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா அவருக்குப் பதில் சொல்லாமல் கணவர் பக்கம் திரும்பினார்.

“முப்பது வருசம் கோப்பை கழுவின காசு. உங்கட வாய்க்குக் கட்டுறம்,” என்றார். “எத்தினை ஞாயிறு சொன்னனான், உண்மையைக் கதையுங்கோ எண்டு. கேட்டனீங்களோ?”

தூதுவர் படிவத்தை அக்கா பக்கம் தள்ளினார்.

“அவன் என்னை முதல் முதல் அண்ணி எண்டு கூப்பிடேக்க அவனுக்குப் பால்பல்லும் விழேல்லை,” என்றார் அக்கா. பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி, கூடப் போயிருந்த என்னிடம், அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். சம்மதம் என்று சொன்னதாக மொழிபெயர்த்தேன். அன்று நானும் தூதரகத்தில் சேர்ந்துவிட்டேன்.

தம்பி இரண்டு மாதம் தங்கித் தேறினார். அந்த இரண்டு மாதமும் ஹோட்டலில் தமிழ் தெரிந்தவன் ஒருவனும் அவர் முன்னால் இன்சூரன்ஸ் என்ற சொல்லை எடுக்கவில்லை. போர்த்துக்கீசருக்கும் விசயம் சொல்லிவைத்தோம். அவர் தம்பியைக் கண்டபோதெல்லாம் ஆங்கிலத்தில், “குட் கன்ட்ரி, எவ்ரிதிங் ஃப்ரீ,” என்று முதுகில் தட்டினார். அளவுக்கு மிஞ்சிய நடிப்பு. தம்பி அதையும் நம்பினார். சுகமாகிப் பறந்து போனார்.

நாங்கள் இருக்கிற இரண்டு நாட்டையும் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் நல்ல வார்த்தை வராது. அங்கே வேலையோடு சேர்த்து உயிரையும் கட்டி வைத்திருக்கிறார்கள். வேலையை வெட்டினால் உயிரும் அறுகிறது. இங்கே அழகான தூண்களைக் கட்டி, அதில் ஒதுங்குகிற உரிமையை அளவு பார்த்து, துண்டு வேலைக்காரியை வெளியே நிறுத்துகிறார்கள். இரண்டு இடத்திலும் எங்கள் ஆட்கள் ஒருவனுக்கொருவன் என்ர நாடு திறம் என்று சண்டை பிடிக்கிறோம். யாருடைய நாடு, யாருக்குத் திறம் என்று ஒருவனும் கேட்பதில்லை.

தூதுவர் காசை மொத்தமாக எடுத்த கதை பள்ளத்தாக்கு முழுதும் பரவியது. எதற்கு என்று எங்கள் ஹோட்டலுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, அவரும் சொல்லவில்லை. ஊரில் மாடிவீடு கட்டுகிறாராம், கிரிப்டோ என்கிற கணினிக் காசில் போட்டாராம், சூதாட்டமாம் என்று வாய்க்கு வந்தபடி கதைத்தார்கள். தமிழ்க்கடையில் அந்தச் சாமத்திய வீட்டுக்காரர் இவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன அண்ணை, மொத்தமா எடுக்கிறவன் மொட்டை விசரன் எண்டு என்ர பிள்ளையின்ர சாமத்திய வீட்டில மைக்கில சொன்னீங்கள். வீடியோ கிடக்கு, போடட்டோ?”

“போடு,” என்றார் தூதுவர். “நான் சொன்னது சரி தான். பார், இப்ப நீயே விசரனைக் காணுறாய்.”

கடைக்காரர் வரை சிரித்தார்கள். நான் கையில் இருந்த முருங்கைக்காய்க் கட்டை எறியாமல் வைத்தது என் பொறுமை. நான் வாயைத் திறக்கப் போனேன், அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

முதலாவது தூணின் அரசாங்கப் பென்சன் வருவதற்கு இன்னும் காலம் இருந்தது. அதுவரை சாப்பிட வேண்டுமே. ஓய்வு பெற்றவரை ஹோட்டல் மறுபடி கூப்பிட்டது. இம்முறை மணிக்கணக்குக் கூலி, அளவான மணித்தியாலம், ஓய்வூதிய நிதியில் சேராத அளவான மணித்தியாலம். அதே தொட்டி, அதே நீராவி. அறுபத்து நாலு வயதில் புதிய ஆள் என்று அவருக்குப் புதிய ஏப்ரனும் கொடுத்தார்கள். மனேஜர் கைகொடுத்து வரவேற்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் கையில் பால் குவளை இருந்தது, கொதிக்கிற பால். ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக நான் நல்லவள் என்று நினைக்கவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை. இப்போது கத்துவது தம்பி. நியூ ஜெர்சியில் கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் சுவிஸைப் போல ஒரு நாடு இல்லை என்று வாதாடுகிறாராம். அங்கே ஒரு கடையில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது, இன்சூரன்ஸ் இல்லாத வேலை. ஆனால் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், நடக்கிறார்.

போன ஞாயிறும் அவர் ஸ்பீக்கரில் இருந்தார். அக்காவும் வந்து பக்கத்தில் இருந்தார். மதிய வேலை முடிந்த களைப்பில் தூதுவர் கையை ஆட்டவில்லை, முழங்கையில் நீராவி பட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, எனக்கு ஒரு குறை கிடக்கு,” என்றார் தம்பி. “அந்த ஆஸ்பத்திரிக்கு, உங்கட அரசாங்கத்துக்கு, நான் ஒரு நன்றி சொல்லாமல் வந்திட்டன். ஒரு அந்நிய மனிசனுக்கு ஆர் இப்பிடிச் செய்வான்? ஆருக்கு எழுதுறது எண்டு சொல்லுங்கோ, நான் வடிவா ஒரு கடிதம் எழுதிப் போடுறன்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

“எழுதத் தேவையில்லை,” என்றார் தூதுவர். “நான் சொல்லிவிடுறன்.”

“மறக்காமல் சொல்லுங்கோ அண்ணை.”

“ஓம் ஓம். கெதியாச் சொல்லிவிடுறன்.”

போனை வைத்தார். வழக்கப்படி எங்கள் பக்கம் திரும்பித் திட்டவேண்டிய நேரம். அக்கா தன் சால்வையின் தலைப்பை எடுத்து, அவருடைய முழங்கையில் இருந்த சவர்க்கார நுரையைத் துடைத்தார்.

“உங்கட தம்பி நன்றி சொன்னவன்,” என்றார் அக்கா.

“கேட்டது,” என்றார் தூதுவர். எழும்பி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இரவுக் கோப்பைகளுக்கு உள்ளே போனார். எனக்கு அந்த மனிதர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அவர் நிற்கிற சமையலறையை விட்டு வேறெங்காவது வேலைக்குப் போக எனக்கு மனம் வராது.